கம்பளி, எருமைத் தோல், ஒரு பழைய சேணம்

கான்பூரில் செய்த பழைய சேணம் ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த அடைப்பைக் கொட்டிவிட்டுக் கம்பளி அடைத்து, கச்சை (குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்கும் பட்டை) மாட்டும் ஆறு வார்களையும் புதிதாகத் தைத்தோம். சேணம் இப்போது சரியாக உட்காருகிறது. குதிரைக்கு முதுகு வீங்குவது நின்றுவிட்டது. மொத்தச் செலவு 2,730 ரூபாய். எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை மட்டும் குதிரை ஏறுகிறவர்களுக்கு உதவும் என்று, வேலை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்றங்கரையில் ஒரு தென்னந்தோப்பு. அதற்குள் இரண்டு குதிரை நிற்கும் கொட்டகை. குதிரைக்காரரைப் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருடைய அப்பா வேலூரில் ஜட்கா ஓட்டியவர். இவர் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறார். முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் நாங்கள் நாலு பேர் போய்விடுவோம். காட்பாடியில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நான், ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருக்கும் தம்பி, மருத்துவமனை லேபில் வேலை பார்க்கும் அக்கா, கல்லூரியில் படிக்கும் அக்காவின் மகள். தீவனச் செலவில் பாதியை நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம், பாய் ஏறச் சொல்லிக்கொடுக்கிறார். அவ்வளவுதான் ஏற்பாடு.

இரண்டு குதிரைகளில் ராஜா பெரியவன், ஊர்வலத்துக்குப் போகிற வெள்ளை. மல்லி சின்னது, செம்பட்டை. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குக் கூடும் சந்தையில் பாய் வாங்கிவந்த நாட்டுக் குதிரை. தோளில் 54 அங்குல உயரம். எங்கள் திட்டம் பெரிதாக ஒன்றுமில்லை. விரிஞ்சிபுரத்திலிருந்து ஆற்றோரமாகவே பள்ளிகொண்டா வரை, ஏறத்தாழ 10 கிலோமீட்டர், மாற்றி மாற்றி ஏறிப் போவது. விடியும்போது கிளம்பி வெயில் உறைப்பதற்குள் சேர்ந்துவிட வேண்டும். பகலெல்லாம் அங்கே ஒரு தோப்பில் குதிரைகளைக் கட்டிவிட்டுச் சாயங்காலம் திரும்புவது. ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று தடுக்கும். திடீர் முகூர்த்தம், மழை, லாடம் கழன்றது, அக்காவுக்கு டியூட்டி. கடைசியில் தடுத்தது மல்லியின் முதுகு.

கச்சையை இழுக்கும்போதே காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வரும். நடையிலிருந்து துள்ளோட்டமான பெருநடைக்குப் போனால் முதுகைத் தூக்கி உதறும். “கொழுப்பு தம்பி, ரெண்டு ரவுண்டு ஓட விட்டா அடங்கிடும்” என்பார் பாய். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். பிறகு திமிலுக்கு (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு) பின்னால் இடப்பக்கம் கோழிமுட்டை அளவுக்கு வீங்கியது. கால்நடை டாக்டர் வந்து அழுத்திப் பார்த்தார். வீக்கம் வடிந்து, தொட்டால் வலி இல்லை என்று தெரியும்வரை முதுகில் எதையும் வைக்கக்கூடாது என்றார். தண்ணீர் ஒத்தடம் போடச் சொன்னார். போகும்போது, “குதிரையைத் திட்டாதீங்க, சேணத்தைத் திருப்பிப் பாருங்க” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

திருப்பிப் பார்த்தோம். குதிரையின் முதுகில் படுகிற பகுதி இரண்டு நீள மெத்தைகள், நடுவில் முதுகெலும்புக்கு வழிவிட்டு ஒரு வாய்க்கால். அந்த வாய்க்கால் முழு நீளத்துக்கும் மூன்று விரல் அகலமாவது இருக்க வேண்டும். எங்கள் சேணத்தில் பின்னால் மூன்று விரல் போனது, முன்னால் ஒன்றரைதான். இடப்பக்க மெத்தையைத் தடவினால் உள்ளே கட்டிகள். வலப்பக்கம் நடுவில் பள்ளம்.

மல்லி தேறியதும் ஒரு சோதனை. முதுகில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் சேணத்தை வைத்து, அக்கா மகளைக் கொஞ்ச நேரம் மெதுவாக நடக்க மட்டும் வைத்து இறக்கினோம். வேட்டியில் அழுக்கு படிந்திருந்த விதம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. திமிலின் இரண்டு பக்கமும் கரிய திட்டு, பின்கோடியில் இரண்டு திட்டு, நடுவில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வேட்டி வெள்ளையாகவே இருந்தது. அதாவது ஆளின் பாரம் முழுதும் நாலு மூலையில்தான் இறங்கியிருக்கிறது. ஆள் உட்கார்ந்திருக்கும்போது திமிலுக்கும் சேணத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போக வேண்டும். எனக்கு ஒரு விரல் போகவே தள்ள வேண்டியிருந்தது.

பிரிப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். ஒன்று, உள்ளே இருக்கும் சட்டம். ட்ரீ என்பார்கள். மரமும் இரும்புப் பட்டையும் சேர்ந்தது. சேணத்தின் முன்பகுதியைத் தொடையில் முட்டுக்கொடுத்துப் பின்பகுதியை நம் பக்கம் இழுக்க வேண்டும். லேசாக வளைந்து திரும்பினால் பிழைத்தது. கறகறவென்று சத்தம் வந்தாலோ, நடுவில் மடிவதுபோலத் தெரிந்தாலோ சட்டம் உடைந்திருக்கிறது. அதற்குமேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். எங்களுடையது சத்தமில்லாமல் வளைந்தது.

இரண்டாவது, சட்டத்தின் அகலம். என் கடையில் கிடந்த 8 கேஜ் எர்த் கம்பியை மல்லியின் தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால் குறுக்காக வைத்து அழுத்தி, அந்த வளைவு கலையாமல் எடுத்து, காலண்டர் அட்டையில் வரைந்தோம். மூன்று அங்குலம் தள்ளி அடுத்தது. இப்படி நாலு அட்டை. வெட்டிய அட்டையைச் சேணத்துக்கு அடியில் பொருத்திப் பார்த்தால் சட்டம் மல்லிக்குப் போதுமான அகலம்தான், குற்றம் மெத்தையில்தான் என்று தெரிந்தது. சட்டமே குறுகலாக இருந்திருந்தால் மெத்தையை எப்படி அடைத்தாலும் பயனில்லை. இறுக்கமான ஷூவுக்குள் இன்னொரு சாக்ஸ் போட்டுக்கொள்வது மாதிரிதான் ஆகும். அட்டையில் தெரிந்த இன்னொரு விஷயம், மல்லியின் இடது தோள் வலதைவிட 8 மில்லிமீட்டர் புடைத்திருந்தது. பெரும்பாலான குதிரைகளுக்கு இரண்டு தோளும் ஒரே அளவில் இருக்காது என்றார் டாக்டர்.

மெத்தை சட்டத்தோடு முன்னாலும் பின்னாலும் தையலால்தான் பிடித்திருக்கும். அந்தத் தையலைப் பிளேடால் அறுத்தால் தனியாகக் கழன்று வந்துவிடும். அறுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம். திரும்பத் தைக்கும்போது அந்தப் படங்கள் இல்லையென்றால் திண்டாடியிருப்போம். உள்ளே இருந்ததைக் கொட்டியபோது தம்பி சிரித்துவிட்டான். தையல்கடைத் துண்டுத்துணி, ஸ்பஞ்சு நறுக்கு, நடுநடுவே உருண்டு கெட்டியான பஞ்சு. சமையலறைத் தராசில் நிறுத்தோம். இடப்பக்கம் 610 கிராம், வலப்பக்கம் 480. புடைத்த தோள் பக்கம்தான் 130 கிராம் அதிகம். மல்லி கடிக்க வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி வார்கள். சேணத்தின் ஒவ்வொரு பக்கமும் மூன்று வார் தொங்கும். கச்சையின் பக்கிள் அதில்தான் மாட்டும். குதிரையின் மேல் ஆளைப் பிடித்து வைத்திருப்பது இந்த வார்தான். பழைய வாரை மடித்துப் பார்த்தால் மேல்தோல் பாளம் பாளமாக வெடித்தது. ஒன்றில் பக்கிள் துளையிலிருந்து பாதி அகலம்வரை கிழிந்திருந்தது. வாரத்துக்கு ஒருமுறையாவது இப்படி மடித்துப் பார்த்துவிடுவது நல்லது. இவ்வளவு நாள் இதன்மேல்தான் ஏறிப் போயிருக்கிறோம் என்று அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

வாருக்குத் தோல்தானே, நம் ஊரில் அதற்கா பஞ்சம் என்று நினைத்தோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றுக் கரையில் பாதி ஊருக்குத் தோல்தான் சோறு போடுகிறது. தம்பி கம்பெனியில் கழித்துப்போட்ட, ஷூவின் மேல்பாகத்துக்கான அப்பர் தோலில் நல்ல துண்டாகக் கேட்டு வாங்கிவந்தான். பார்க்க அழகு, கறுப்புப் பளபளப்பு. ஆனால் கனம் 1.4 மில்லிமீட்டர்தான். இரண்டு மடிப்பாக ஒட்டித் தைத்து ஒரு வார் செய்து, துளை போட்டு, கொட்டகை உத்தரத்தில் மாட்டி, 26 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். காலையில் வந்து பார்த்தால் 45 சென்டிமீட்டர் வார் 48 ஆகியிருந்தது. வட்டத் துளை நீண்டு முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது.

இதற்குக் காரணம் தம்பிக்கே தெரிந்ததுதான், வாருக்கு என்று யோசிக்காததால் விட்டுப்போனது. ஷூ அப்பருக்கு வருவது குரோமியம் உப்பில் பதனிட்ட தோல். சீக்கிரம் பதமாகும், மெத்தென்று இருக்கும், காலுக்கு ஏற்றபடி இழுத்துக்கொடுக்கும். இழுத்துக்கொடுப்பதுதான் வாருக்கு ஆகாத குணம். வாருக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிப் பதமான தோல். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் பதனிட்டார்கள். இப்போது பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு, கடுக்காய். அந்தத் தோல் விறைப்பாக நிற்கும், இழுத்தால் அவ்வளவாக நீளாது. நம் பக்கம் அது இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்ட இடங்களில் லோடு கணக்கில்தான் பேசினார்கள். ஆறு வாருக்கு என்றதும் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே காட்பாடியில் ரயிலேறி சென்னை பெரியமேடு. சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம். தெரு முழுக்கத் தோல் கடை. “பெல்ட்டுக்கா, சோலுக்கா?” என்று கேட்டார் கடைக்காரர். “குதிரைக்கு” என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. உள்ளே போய் எருமைத் தோல் ஒன்றை எடுத்துவந்து போட்டார். பட்டைப் பதம், 4 மில்லிமீட்டர் கனம், இயற்கை நிறம். அப்பர் தோலை சதுர அடிக் கணக்கில் விற்பார்கள், இதைக் கிலோவில் நிறுத்துத் தருகிறார்கள். கிலோ 650 ரூபாய். முதுகுப் பக்கத்துத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள். வயிற்றுப் பக்கத் தோல் எந்தப் பதத்திலும் தளரும். 1.4 கிலோ துண்டு, 910 ரூபாய்.

வாரை வெட்டும்போது முதுகுத்தண்டு போகும் திசைக்கு இணையாக வெட்ட வேண்டும். நீளம் 46 சென்டிமீட்டர், அகலம் 27 மில்லிமீட்டர். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பில் வெட்டுவது தம்பிக்குத் தொழில். நான் வெட்டிய ஒன்று ஓரம் வளைந்து நாய்க்குப் பட்டையாகிவிட்டது. ஓரங்களைக் கண்ணாடிச் சில்லால் சீவி, 220 நம்பர் உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் சூடேறத் தேய்த்தால் வழவழப்பாகும். துளை 5 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டருக்கு ஒன்றாக எட்டு. இதிலும் ஒரு வாரை அரிசி மூட்டையில் தொங்கவிட்டுப் பார்த்தோம். விடிந்தபோது நீண்டது 3 மில்லிமீட்டர். துளை வட்டமாகவே இருந்தது.

தையல் இரண்டு ஊசித் தையல். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய் வர வேண்டும். மெஷின் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையே அவிழும். இதில் அறுந்த இடம் மட்டும்தான் போகும். துளைக்குத் துளை 3 மில்லிமீட்டர் இருக்கும்படி முதலில் முள்கரண்டி மாதிரி இருக்கும் பஞ்ச் கருவியால் குறி போட்டு, குத்தூசியால் திறந்தோம். 1 மில்லிமீட்டர் பாலியஸ்டர் நூல், அதற்கு ஜவ்வாது மலைத் தேன்காரரிடம் வாங்கிய தேன்மெழுகு. வரிசை முடிவில் மூன்று தையல் திரும்பி வந்து நறுக்கிவிட வேண்டும். முடிச்சு வேண்டாம். முதல் வார் தைக்க ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. ஆறாவது வாருக்கு வரும்போது அக்கா மகள் என்னைவிட வேகமாகத் தைத்தாள். “மாமா, நீங்க நூலுக்கு மெழுகு மட்டும் தேய்ங்க” என்று என்னை வேலை மாற்றிவிட்டாள்.

வார்கள் மேலே நாடாவில் தைக்கப்பட்டிருக்கும். நாடா சட்டத்தின் மேல் குறுக்காகப் போய் ஆணியில் நிற்கும். முன்வாருக்குத் தனி நாடா. நடுவாருக்கும் பின்வாருக்கும் சேர்த்து ஒரே நாடா. எனவே கச்சையின் ஒரு பக்கிளை எப்போதும் முன்வாரில் மாட்ட வேண்டும், இன்னொன்றை மற்ற இரண்டில் ஏதாவது ஒன்றில். அப்போதுதான் ஒரு நாடா போனாலும் இன்னொன்று தாங்கும். பாய் இத்தனை வருடமும் வசதிக்காகப் பின்னால் இருக்கும் இரண்டிலும் மாட்டிக்கொண்டிருந்தார். இப்போது மாற்றிக்கொண்டார், “சின்னப் பசங்க சொன்னா கேட்டுக்கணும்” என்று முனகிக்கொண்டே. முன்நாடா நைந்திருந்ததால் லாரி லோடு கட்டும் 50 மில்லிமீட்டர் பெல்ட்டில் துண்டு வாங்கி மாற்றினோம். ஆணியைப் பழைய ஓட்டையில் அடிக்காமல் 1 சென்டிமீட்டர் தள்ளி அடித்தோம், பழைய ஓட்டையில் மரம் பிடிக்காது.

மெத்தைக்குள் எதை அடைப்பது என்பதில்தான் அதிக நாள் போனது.

மெத்தை தைக்கிறவர் ஒருவர் இலவம்பஞ்சு என்றார். கைக்கு மெதுவாக இருந்தது, விலையும் கட்டுப்படியானது. 320 ரூபாய்க்கு வாங்கி அடைத்து, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். வியர்வையும் பாரமும் பட்டதும் அமுங்கியது அமுங்கியதுதான், எழும்பவில்லை. இலவம்பஞ்சுக்கு முறுக்கு கிடையாது. அமுங்கினால் கம்பளி அளவுக்கு மீளாது. கம்பளி இழை நெளிநெளியாக இருப்பதால் அமுக்கினாலும் மீண்டு வரும். நல்ல சேணங்களில் கம்பளி அடைப்பது அதற்காகத்தான்.

சரி, ஆடு இல்லாத ஊரா நம் ஊர் என்று கிளம்பினால் அங்கேயும் ஏமாற்றம். இந்தப் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது, முடிதான். மெட்ராஸ் ரெட், மேச்சேரி எல்லாமே கறிக்கு வளர்ப்பவை. வெள்ளாட்டு முடி போலக் கட்டையாக, நெளிவில்லாமல் இருக்கும். தமிழ்நாட்டில் நல்ல கம்பளி தருவது நீலகிரிச் செம்மறி. ஆனால் அது குறைந்துபோன இனம். தோல் பதனிடும் ஷாப்பில் உரித்துப்போட்ட ரோமம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே என்றார் ஒருவர். அதைச் சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் ஊறவைத்துத்தான் தோலிலிருந்து பிரிக்கிறார்கள். எவ்வளவு அலசினாலும், குதிரை வியர்வையில் நனைகிற இடத்துக்கு அதைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கம்பளி வந்தது கர்நாடகத்திலிருந்து. சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளக்கெரே கம்பளி நெய்யும் ஊர். என் கடைக்கு வரும் லாரி டிரைவர் அண்ணன் ஒருவர் அந்த வழியாகப் போகிறவர். சொல்லிவைத்தேன். 5 கிலோ கத்தரித்த ரோமம், கிலோ 60 ரூபாய், லாரிக்காரருக்கு 150. கறுப்பும் பழுப்பும் கலந்து, முள்ளும் புழுக்கையுமாக வந்து இறங்கியது. மூட்டையைப் பிரித்த அன்று வீட்டில் எனக்குச் சாப்பாடு திண்ணையில்தான்.

பூந்திக்கொட்டையை ஊறவைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் கம்பளியை அமிழ்த்தி வைத்து, கசக்காமல் எடுத்து அலச வேண்டும். கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கம்பளித்துணி மாதிரி இறுகிவிடும். கயிற்றுக் கட்டிலில் பரப்பி நிழலில் காயவைத்தோம். பிறகு சிக்கெடுப்பு. இதற்கென்று விற்கும் கருவியைத் தேடி அலையாமல் நாய்க்கு முடி வாரும் கம்பி பிரஷ் இரண்டு வாங்கினேன், ஒன்று 180 ரூபாய். ஒன்றில் கம்பளியை வைத்து இன்னொன்றால் எதிர்த்திசையில் வார வேண்டும். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து பேச்சும் சிக்கெடுப்புமாக நடந்தது. 5 கிலோ, சுத்தமான பிறகு 3 கிலோதான் தேறியது.

அடைக்கும் கம்பியை வெல்டிங் பட்டறையில் செய்தோம். 8 மில்லிமீட்டர் கம்பி, 45 சென்டிமீட்டர் நீளம், நுனியைத் தட்டையாக அடித்து அரத்தால் V வெட்டு. ஓரங்களை நன்றாக மழுக்க வேண்டும், இல்லையென்றால் மெத்தையின் தோலைக் கிழித்துவிடும். கூலியோடு 120 ரூபாய். மெத்தையின் மேல்பக்கத்தில் ஏற்கெனவே அடைப்பதற்கென்று விட்ட கீறல்கள் இருக்கும். அதன் வழியாகக் கோலிக்குண்டு அளவுக்குக் கம்பளியைப் பிய்த்து, V வெட்டில் மாட்டி, கோடி மூலையிலிருந்து நிரப்பிக்கொண்டே வர வேண்டும். பெரிய பிடியாகத் தள்ளினால் உள்ளே கட்டியாகிவிடும். கெட்டியாக அடைக்கக் கூடாது; கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போய்த் திரும்ப வேண்டும். அவ்வப்போது மரச்சுத்தியால் தட்டி, வெளியிலிருந்து மெல்லிய குத்தூசியை விட்டுக் கம்பளியை இடம் நகர்த்திச் சமன் செய்தோம். இடப்பக்கம் 630 கிராம், வலப்பக்கம் 670. இடது தோள் புடைப்புக்கு இடம் விட்டு முன்னால் கொஞ்சம் குறைத்ததால் இந்த வித்தியாசம்.

மறுபடி வேட்டி. இந்த முறை அழுக்கு இரண்டு நீளப் பட்டைகளாக, முன்னிருந்து பின்வரை தொடர்ச்சியாகப் படிந்தது. திமிலுக்கு மேல் மூன்று விரல் இடைவெளி. கம்பளி படிய நாளாகும் என்று எதிர்பார்த்தோம். அப்படியே சில ஞாயிறுகள் கழித்து இடைவெளி இரண்டு விரலுக்கு இறங்கியதும் முன்பக்கம் இருபுறமும் 60 கிராம் சேர்த்தோம். அதற்கப்புறம் இறங்கவில்லை. மல்லி முதல் நாள் பழைய ஞாபகத்தில் காதை மடக்கியது. சில வாரங்களில் கச்சை இழுக்கும்போதும் வைக்கோலைத் தின்றுகொண்டே நிற்கப் பழகிவிட்டது. “கொழுப்பு இல்ல போல” என்றார் பாய். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். எல்லோரும் இடப்பக்கமே ஏறுவதால் இடது அங்கவடி வார் நீண்டுபோகும்; மாதம் ஒருமுறை இடவலம் மாற்றி மாட்டுங்கள். தரையிலிருந்து தொங்கி ஏறுவதால் சேணமும் ஒரு பக்கம் முறுகும், முதுகுக்கும் வலி. இரண்டு சிமெண்ட் கல்லை அடுக்கிப் படியாக்கியிருக்கிறோம். தோலுக்கு ஆமணக்கெண்ணெயில் தேன்மெழுகு உருக்கிக் கலந்து மெலிதாகப் பூசுகிறோம். தேங்காயெண்ணெய் வேண்டாம். எலி வரும். அந்த நாய்ப்பட்டையில் பூசிப் பார்த்தோம், மறுநாள் பாதிதான் இருந்தது.

அடுத்த முறை செய்தால் கம்பளியை முதலில் சேர்த்து வைத்துக்கொண்டு அதற்கப்புறம்தான் சேணத்தைப் பிரிப்பேன். எங்கள் சேணம் கம்பளிக்குக் காத்திருந்து பிரித்தபடியே கிடந்ததில் ஒரு மழைக்காலமே போய்விட்டது, பூஞ்சையைத் துடைப்பது தனி வேலையாகிவிட்டது. வார்களுக்குத் தனித்தனியாகத் துளை போடாமல் இரண்டு இரண்டாக அடுக்கிக் கிளாம்ப் போட்டு ஒன்றாகத் துளைப்பேன். எங்கள் வார்களில் இடம் வலம் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்து, கச்சை கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது. செலவில் தோல் 910, கம்பளி லாரிக் கூலியோடு 450, பிரஷ் 360, வீணான இலவம்பஞ்சு 320. ஊசி, குத்தூசி 240, நூல் மெழுகு 180, பெல்ட் 150, கம்பி 120. ரயில் டிக்கெட்டும் டீயும் கணக்கில் இல்லை. புதுச் சேணத்துக்கு பெங்களூரில் கேட்ட விலை 14,500.

பள்ளிகொண்டா போய்விட்டோம். ஆற்று நடுவில் ஆழமான மணலில் விடவில்லை. மணலில் புதையப் புதைய நடந்தால் குதிரைக்குக் கால் நரம்பு பிடித்துக்கொள்ளும். மணல் அள்ளிய குழிகளும் உண்டு. கரையோர இறுகிய தடத்திலேயே போனோம். பாய் ராஜாவின் மேல் முன்னால் போக, மல்லியின் மேல் அக்கா மகள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்கு ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரன் குதிரைப்படை பறந்து வந்த கதையைப் பாய் வழியெல்லாம் சொன்னாராம். அவ்வளவு குதிரைக்கும் சேணம் தைத்தவர்கள் இருந்திருப்பார்களே, இன்று ஒரு வார் மாற்ற ஆள் இல்லையே என்பது அவர் வருத்தம். பெருநடையில் மல்லி ஒரு தடவைகூட முதுகைத் தூக்கவில்லை. இறக்கியதும் சேணத்துக்கு அடியில் பார்த்தோம். வியர்வை இரண்டு பக்கமும் ஒரே சீராக, நடுநடுவே காய்ந்த திட்டு எதுவும் இல்லாமல் இருந்தது.

சொன்னாராம் என்று எழுதுவதற்குக் காரணம், நான் பின்னால் பைக்கில் போனேன். வேலையின் நடுவில் மல்லியின் எடையையும் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தோம். மார்புச் சுற்றளவை அதே அளவால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும், அளவெல்லாம் சென்டிமீட்டரில். மல்லிக்குச் சுற்றளவு 158, நீளம் 146. எடை 307 கிலோ. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு. 61 கிலோ. அதில் சேணம் 7. என் எடை 74. தம்பிக்கும் இதே கதிதான், அவன் 66. முதுகு வீங்கியதில் மெத்தைக்கு மட்டுமல்ல, எங்கள் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

ராஜாவுக்குச் சுற்றளவு 172, நீளம் 156. கணக்குப்படி 388 கிலோ, 77 கிலோ தாங்கலாம். அவனுடைய சேணமும் 7 கிலோதான். தம்பி இப்போதே ஏறலாம். கம்பளி ஒன்றரைக் கிலோவுக்குமேல் மிச்சம் இருக்கிறது, எருமைத் தோலும் மிச்சம். கல்யாண சீசன் முடிந்ததும் ராஜாவின் சேணத்தைப் பிரிக்கப்போகிறோம். அதற்குள் நான் நாலு கிலோ குறைக்க வேண்டும்.